பிணக்கில்லை என்று ஒரு கடிதம்

ஆரல்வாய்மொழி எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, யாரிடமாவது அரிசி இருக்கிறதா என்று கேட்டார்கள். என் மடியில் வேதப்புத்தகம். காலடியில் படுக்கைச் சுருட்டு. சுருட்டுக்குள் இரண்டு படி அரிசி. "துணிதான்" என்றேன். சோதனைக்காரர் என் வெள்ளைச் சேலையையும் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, "சரி அம்மா" என்று அடுத்த இருக்கைக்குப் போனார். அங்கே இருந்த பெரியவர் கேட்ட உடனே சாக்கை அவிழ்த்துக் காட்டிவிட்டார். அவருடைய அரிசியை இறக்கி வைத்துக்கொண்டார்கள். என் அளவுக்குச் சாமர்த்தியம் அவருக்குப் போதாது.

நாடு சுதந்திரமடைந்து நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போகிறவளுக்குத் திருவனந்தபுரம் அயல்தேசம்தான். அவர்கள் பாஷை வேறு, மழை வேறு, சோறு வேறு. திருவிதாங்கூர் ராஜா போனார், அவர் காசும் போயிற்று. எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக் கூடாது என்ற இந்தச் சோதனை மட்டும் போகவில்லை.

நான் எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி எட்டாம் மாதமே விதவையானவள். இருபது வருஷமாக மிஷன் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, ஜெபம் பண்ணிவிட்டு வருவேன். ஊரில் பைபிள் அம்மா என்பார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நற்கருணையில் அப்பமும் ரசமும் எடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலையே குருவானவரிடம் பேர் கொடுக்க வேண்டும். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாரோடும் பிணக்கு இல்லையே?" என்று கேட்பார். பிணக்கு இருந்தால் பேர் ஏறாது. ஏழு வருஷமாக நான் "இல்லை ஐயா" என்று கூசாமல் சொல்லி வந்தேன். பழைய குருவானவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டார். புதிதாக வந்தவர் சின்ன வயது. யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"உங்கள் தங்கச்சியோடு பேசி ஏழு வருஷம் ஆகிறதாமே?" என்றார்.

"அவள் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள் ஐயா."

"தூரத்தில் இருந்தால் பிணக்கு இல்லை என்று ஆகிவிடுமா? போய்ச் சமாதானமாகுங்கள். அவர்கள் கையால் இரண்டு வரி எழுதி வாங்கி வாருங்கள். பேர் எழுதுகிறேன்."

பைபிள் அம்மாவே நற்கருணைக்கு எழுந்து போகவில்லை என்றால் திங்கட்கிழமை எந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்? அதற்காகத்தான் புறப்பட்டேன். தங்கச்சி மேல் பாசம் பொங்கிப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை.

நெய்யாற்றின்கரைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை வரும், கொட்டும், போய்விடும். இது குடியிருக்க வந்த மழை. ஒரு பாலத்தருகில் டயர் வெடித்தது. எல்லாரையும் இறக்கிவிட்டு, ஒருமணி நேரம் ஆகும் என்றார் கண்டக்டர். பக்கத்திலிருந்த ஓலைக் கடையில் ஒதுங்கினோம். அங்கே சோறு இல்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்ததும், மிளகாய் அரைத்த மீன்குழம்பும், பால் இல்லாத தேயிலையும்தான். கடைக்காரி என் தட்டில் கிழங்கை வைத்துக்கொண்டே மலையாளத்தில் சொன்னாள்: "என் பிள்ளைகள் சோற்றைக் கண்டு ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் ஊரில் தினமும் சோறாமே?" படுக்கைச் சுருட்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன். ஒரு பிடி எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடையில் இரண்டு பேர், நாகர்கோவில் தமிழருக்கா மலையாளத்தாருக்கா என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். டயர் மாட்டி முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே குடையில் பஸ்ஸுக்கு ஓடி வந்தார்கள்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சாயங்காலம். வருகிறேன் என்று கார்டு போட்டிருந்ததால் தங்கச்சி ஞானப்பூ குடையோடு நின்றிருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி வளர்த்தவள் நான். முகம் ஒட்டி, கை காய்த்து, என் வயதுக்கு வந்திருந்தாள். "வந்தியா? காலு வீங்கியிருக்கே. நடப்பியா?" என்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிணக்கு என்னவென்று இங்கே சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நாஞ்சில் நாட்டுப் பிள்ளைமார் வீட்டுப் பையன் ஒருவர் வாத்தியாராக வந்தார். வேதத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று யேசுவடியான் என்று பேர் வைத்துக்கொண்டார். வீட்டார் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அவருக்கும் ஞானப்பூவுக்கும் கல்யாணம் என்று பேசி, கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்பார்கள். கேட்பது சடங்குக்கு. யாரும் சொல்வதில்லை. மூன்றாம் ஞாயிறு நான் எழுந்து நின்றேன். "இவர் ஞானஸ்நானம் எடுத்தது கர்த்தருக்காக அல்ல, என் தங்கச்சிக்காக" என்றேன். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சபைக் கமிட்டி கல்யாணத்தைத் தள்ளி வைத்தது. அந்த வாரமே அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஞானப்பூ திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி வேலை என்று கிளம்பிவிட்டாள். அங்கே போய் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள் என்று ஊர் பேசிற்று. நானும் அப்படியே நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் சொன்னது மெய்யாகிவிட்டதல்லவா?

அவள் என்னை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேலைக்காரப் பெண்கள் தங்கும் நீளக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரு அறை, இரண்டு கட்டில், கொடியில் காயாத சேலைகள். கூட இருக்கும் மலையாளத்துப் பெண் எனக்காகத் தன் கட்டிலைக் காலி பண்ணிக் கொடுத்திருந்தாள். நான் சுருட்டை அவிழ்த்து, அரிசியை வெளியே எடுத்தேன். கூடவே நான் பின்னிக் கொண்டுவந்த சின்னக் கம்பளிச் சட்டையையும் எடுத்தேன்.

"இது யாருக்கு?" என்றாள்.

"உன் பிள்ளைக்கு. ஆணோ பெண்ணோ தெரியலியேன்னு வெள்ளையில போட்டேன். எங்க அவங்கல்லாம்?"

அவள் சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்தாள். "அக்கா, எனக்குக் கல்யாணமே ஆகல்லியே" என்றாள்.

பிறகு அரிசியைத் தொட்டுப் பார்த்து, "இத எப்பிடிக் கடத்துனே?" என்று கேட்டாள். கேட்டார்கள், துணி என்றேன் என்று சொன்னேன். அப்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் பழைய ஞானப்பூவுடையது. அன்று அந்தக் கட்டடத்துப் பெண்கள் ஆறு பேர் என் பொய்யைப் பொங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போனாள். பார்த்தால் பெருக்குகிற, துடைக்கிற வேலைதான். ஆனால் வார்டில் அத்தனை பேரும் "சேச்சி, சேச்சி" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு ஒரு கிழவர் இறந்து போனார். விழிஞ்ஞத்துப் பக்கம் ஆள், கேட்க நாதியில்லை. எடுத்துப்போக ஆட்கள் வருவதற்குள் ஞானப்பூ வெந்நீர் கொண்டுவந்து, அவர் முகம் கை கால் எல்லாம் துடைத்து, தலையைச் சீவிவிட்டாள். சம்பளத்தில் சேர்ந்த வேலையா என்று கேட்டேன். "இல்ல. அழுக்கோட போகப்பிடாதுல்லா" என்றாள். ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் சொல்வது என் வேலை என்பதால் நான் வாயைத் திறந்தேன். என்னமோ, வார்த்தை ஓடவில்லை. சீப்பை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன்.

மத்தியானம் கிழங்கைத் தின்றுகொண்டே கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நற்கருணை, பேர், குருவானவர் எல்லாம். ஒளிக்கவில்லை.

"அதுக்குத்தான் வந்தியா?" என்றாள். "எழுதித் தாரேன், அதுக்கென்ன. பின்னே எனக்கும் ஒண்ணு செய்யணும்."

"சொல்லு."

"அவரு இங்கதான் இருக்காரு. ஆரியசாலையில மளிகை மொத்தக் கடையில வேலை. நாளைக்குக் கோயிலுக்கு வருவாரு. ஏழு வருஷமா நாங்க ஒரே கோயிலுக்குத்தான் போறோம். அவரு ஆம்பளையள் பக்கம், நான் பொம்பளையள் பக்கம்."

"பின்ன ஏன்டி கட்டிக்கிடல?"

"நீதான் காரணம். 'இப்ப நான் உன்னைக் கட்டுனா, உங்க அக்கா சபையில சொன்னது உண்மைன்னு ஆயிரும். நான் பொண்ணுக்காக முங்குனவன் இல்லன்னு வாழ்ந்து காட்டணும்'னுட்டாரு. கர்த்தரே உன் வாயில வந்து தன்னைச் சோதிச்சாருன்னு நெனைக்காரு. நீ எதுக்கு எந்திரிச்சேன்னு எனக்குத் தெரியும். நான் போயிட்டா உனக்கு வீட்டுல ஆள் இல்ல. தனியா இருக்கப் பயந்துட்டே. சரியா?"

நான் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு. ஆசையில சொல்லுதேன்னு நெனைக்காரு. உன் வாயால வந்தா நம்புவாரு. நாளைக்கு உன்னைக் கண்டதும் கண்டிப்பாக் கேப்பாரு. உள்ளத உள்ளபடி சொல்லிரு அக்கா. அது மதி எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்று கோயிலில் எழுந்து நின்றபோது எனக்கு யேசுவடியானின் விசுவாசத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறேனே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குத்தான் கர்த்தருடைய பேரைப் போர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. பாளையத்துப் பக்கம் ஒரு கோயிலில் காலையில் தமிழ் ஆராதனை. சபைகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன என்று எங்கள் ஊரில் பெரிதாகக் கொண்டாடினோம். இங்கே பார்த்தால் நாங்கள் முழங்கால் போடும் இடத்தில் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரே பாத்திரம், இவர்களுக்கு ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அன்றைக்கு நற்கருணை இருந்தது. ஞானப்பூ போனாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். முன்னிருக்கைப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஞானப்பூ வேண்டுமென்றே வாசல் கேட்டுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவர் என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். தலை முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. துவைத்துத் துவைத்து நூல் தெரிந்த சட்டை. ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்ததே, அதை நான் வேலைக்குப் போன எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

"சொகமா இருக்கியளா அக்கா?" என்றார். "உங்களுக்காக தெனமும் ஜெபிக்கிறேன்."

"எனக்காகவா?"

"பின்ன? நீங்க அண்ணைக்கு எந்திரிச்சு நிக்காட்டா நான் சும்மா பேருக்கு ஒரு கிறிஸ்தியானியா இருந்திருப்பேன். கல்யாணம், வீடு, பிள்ளை, அதோட போயிருக்கும். உங்க வார்த்தைதான் என்னைச் சுட்டுப் புடம் போட்டது. ஒண்ணு மட்டும் கேக்கணும்னு ஏழு வருஷமா மனசுல கெடக்கு. அண்ணைக்கு உங்களை எழுப்பி விட்டது கர்த்தர்தானே அக்கா?"

சொல்ல வேண்டிய வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருஷத்தை இந்த ஒன்றின்மேல் கட்டி வைத்திருக்கிறார். அதை எடுத்துவிட்டால் மனுஷனுக்கு என்ன மிஞ்சும் என்று பரிதாபமாக இருந்தது. பரிதாபம் மட்டும் என்றால் என்னை மன்னித்துக்கொள்வேன். பக்கத்தில் நாலு பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். கர்த்தருடைய கருவி என்று ஒருவர் நம்மைச் சொல்லும்போது, இல்லை, நான் ஒரு பயந்த பொம்பளை என்று சொல்வது லேசா?

"ஆமாம் தம்பி" என்றேன்.

அவர் கண்ணை மூடி, கை கூப்பி, "ஸ்தோத்திரம்" என்றார். மழையில் நடந்து போய்விட்டார்.

கேட்டண்டை போனேன். "கேட்டாரா?" என்றாள் ஞானப்பூ. கேட்டார் என்றேன். "சொன்னியா?" என்றாள். நான் சேலைத் தலைப்பை மழைக்கு இழுத்து மூடிக்கொண்டேன். அவள் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே நடந்தோம். அவளுடைய ஒரு தோள் முழுக்க நனைந்துவிட்டது.

சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. "நான் இப்பவே போய் உள்ளதைச் சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"வேண்டாம் அக்கா. காலையில ஆமான்னுட்டு இப்ப இல்லன்னா நம்புவாரா? நான் அழுதேன், நீ மனசு எளகிட்டேன்னு நெனைப்பாரு." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் பேச்சைக் கேட்காமல் திங்கட்கிழமை விடிந்ததும் ஆரியசாலைக்குப் போனேன். வழியெல்லாம் மிளகு, சுக்கு, நனைந்த சாக்கு நாற்றம். அந்தத் தெருவில் பாதிப்பேர் நம்மவர்கள். விலை கேட்பதும் தமிழ், திட்டுவதும் தமிழ். கடை முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசிய நாஞ்சில் நாட்டுக்காரர். யேசுவடியான் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"நம்ம வேதக்காரனையா? உள்ள எடை போடுதான். பாத்துக்கிடுங்க, கடைக்கு வாற சனமெல்லாம் அவன் நிறுத்தாத்தான் வாங்குவோம்ங்கு. தராசு முள்ளு நேரா நிக்கணும் அவனுக்கு, ஒரு மிளகு கூடப்பிடாது, கொறையப்பிடாது. எனக்கு அவனைப் பாத்தா கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும், கேட்டியளா."

யேசுவடியான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றே சொன்னேன். நேற்று நான் சொன்னது பொய். அன்றைக்கு என்னை எழுப்பிவிட்டது கர்த்தர் இல்லை. தங்கச்சி போய்விட்டால் தனியாகிவிடுவேன் என்று பயந்து எழுந்து நின்றேன். உங்கள் விசுவாசத்தை ஒருநாளும் நான் சந்தேகப்பட்டதே கிடையாது. என்னை மன்னியுங்கள், அவளைக் கட்டிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு அழுதேன். இருபது வருஷமாக நான் பேசியதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். முகம் மாறவில்லை. "ஞானப்பூ அழுதாளா அக்கா?" என்றார்.

"இல்ல தம்பி! அவ சொல்லி நான் வரல."

"எனக்குத் தெரியும். அவமேல உள்ள பிரியத்துல சொல்லுதிய. ஒரு தாய் மாதிரி. ஆனா அதுக்காகப் பொய் பேசலாமா? பைபிள் அம்மா வாயில பொய் வரப்பிடாது. நேத்து கோயில் வளவுல நிண்ணு ஆமான்னு சொன்னியளே, அது போதும் எனக்கு." உள்ளே போய் ஒரு பொட்டலம் சுக்கு எடுத்து வந்து என் கையில் வைத்தார். மழையில் நனைந்திருக்கிறீர்கள், கஷாயம் வைத்துக் குடியுங்கள் என்றார்.

தம்பானூருக்கு ஞானப்பூ வந்திருந்தாள். வேலையிலிருந்து ஒருமணி நேரம் கேட்டுக்கொண்டு வந்தாளாம். ஜன்னல் வழியாகக் கடிதத்தை நீட்டினாள். உறை இல்லை. 'எனக்கும் என் அக்காவுக்கும் எந்தப் பிணக்கும் இல்லை. அவர்களை நான் மன்னித்திருக்கிறேன். இப்படிக்கு ஞானப்பூ.' கையெழுத்து சின்னப் பிள்ளையில் நான் பழக்கிவிட்ட மாதிரியே இருந்தது.

"எங்க போயிருந்தே காலைல?" என்று கேட்டாள்.

"ஆரியசாலைக்கு. அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி."

"என்ன சொன்னாரு?"

"நீ அழுதியான்னு கேட்டாரு."

"நான் அழவே இல்லியே அக்கா" என்றாள். சொல்லும்போதே அவள் உதடு கோணிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கடிதத்தை இன்னும் குருவானவரிடம் கொடுக்கவில்லை, பேரும் கொடுக்கவில்லை. ஊரில் காரணம் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். எல்லாரும் நம்புகிறார்கள்.